டேவ் தி டைவர்: பாதிக்கு மேல ஏன் இழுக்குது?

ஜூன் 3, வாசகர் கேள்வி

"டேவ் தி டைவர் ஆரம்பிச்ச புதுசுல கீழ வைக்கவே முடியல. காலையில முங்கு, மத்தியானம் முங்கு, ராத்திரி சுஷி கடை. அப்புறம் கடல் மக்கள் கிராமம் வந்துச்சு, வயல் வந்துச்சு, மீன் பண்ணை வந்துச்சு, போன்ல ஆப் மேல ஆப் வந்துச்சு. இப்போ கேமைத் திறந்தாலே ஆபீஸ் மெயில் பார்க்கிற மாதிரி இருக்கு. எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுற கேம் இது. எனக்கு மட்டும்தான் இழுக்குதா? விட்டுடலாமா?"

ஜூன் 3, இரவு

உங்களுக்கு மட்டும் இல்ல. ஆனா 'இழுக்குது'ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். இழுக்குற கேம்ல அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுடும், அது வர நேரமாகும். இதுல அடுத்து என்ன வரும்னு யாருக்கும் தெரியாது, அது உடனே வந்து நிக்கும். இதுக்குப் பேர் அவசரம்.

விளையாடாதவங்களுக்காக ஒரு பத்தி. டேவ்னு ஒரு குண்டு டைவர். நீலக்குழின்னு ஒரு இடம், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அதோட அமைப்பு மாறும். பகல்ல ஈட்டித் துப்பாக்கியோட இறங்கி மீன் பிடிக்கணும், ராத்திரி பாஞ்சோன்னு ஒரு சமையல்காரர் அதை சுஷி ஆக்குவார், டேவ் ஓடி ஓடிப் பரிமாறணும். உயிருக்குன்னு தனிக் கோடு கிடையாது, ஆக்சிஜன்தான் உயிர். சுறா கடிச்சாலும் குறையும், சும்மா மிதந்தாலும் குறையும். அது தீர்ந்துட்டா பிடிச்ச அத்தனையும் போச்சு, ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கிட்டு மேல வரலாம்.

அந்த 'ஒரே ஒரு பொருள்' திரை இருக்கே, அதுலதான் இந்த கேமோட உயிரே இருக்கு. பை நிறைய மீன், நடுவுல ஒரு டூனாத் துண்டு, ஒரு துப்பாக்கி செய்யற வரைபடம். எதை எடுக்க? டூனாவை எடுத்தா இன்னிக்கு ராத்திரி கடைக்கு ஆகும், வரைபடத்தை எடுத்தா நாளைக்கு ஆழத்துக்குப் போகலாம். அந்தத் திரையில உட்கார்ந்து யோசிச்சவங்களுக்குத் தெரியும், ரெண்டு வகை கேமை ஒட்ட வச்சதுல எங்க பசை போட்டிருக்காங்கன்னு.

ஜூன் 4

கேள்வி பேசிங் பத்தி, அதாவது கேம் எந்த வேகத்துல நகருதுங்கிறதைப் பத்தி. அதுக்குள்ள கீழ ஒருத்தர் "இது இண்டியே இல்ல, இதுக்கு எதுக்கு இவ்வளவு சலுகை"ன்னு கிளப்பிட்டார். (இண்டின்னா பெரிய நிறுவனத்துக் காசு இல்லாம சின்னக் குழு செய்யற கேம்.) சரி, ஒரே தடவையில முடிச்சுடுவோம். இதைச் செஞ்ச மின்ட்ராக்கெட் நெக்ஸானோட கிளை. நெக்ஸான் தென் கொரியாவோட பெரிய கேம் நிறுவனங்கள்ல ஒண்ணு. 2023 கேம் அவார்ட்ஸ்ல இதை 'சிறந்த இண்டி' பட்டியல்ல சேர்த்தப்போ பெரிய சண்டை நடந்துச்சு, கடைசியில சீ ஆஃப் ஸ்டார்ஸ்ங்கிற வேற கேம் ஜெயிச்சுது. அதுக்கப்புறமும் சண்டை நிக்கல, ஏன்னா சண்டைக்கு ஜெயிச்சவங்க யாருங்கிறது முக்கியமே இல்ல. காசு யாரோடதுன்னு பார்த்தா இண்டி கிடையாது. கட்டம் கட்டமான பிக்சல் ஓவியத்தைப் பார்த்தா இண்டி. நான் பேசப்போறது இரவு ஒன்பது மணிக்கு கன்ட்ரோலரைக் கையில எடுக்கிறவனுக்கு என்ன ஆகுதுங்கிறதைப் பத்தி, அவனுக்குப் பங்குதாரர் பட்டியல் தேவையில்லை.

ஜூன் 4, மாலை

கடல் மக்கள் கிராமம்தான் குற்றவாளின்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. பாதி ஒத்துக்கிறேன். அங்க போனதும் நடக்குற விஷயங்களைப் பாருங்க: இவர்கிட்ட பேசு, அவர்கிட்ட கொடு, திரும்பி வா, மறுபடி பேசு. ஆபத்தும் இல்ல, பரபரப்பும் இல்ல. கடல் குதிரைப் பந்தயம் ஒண்ணு. ஒளிஞ்சு நகர்ற பகுதி ஒண்ணு. ஒளிஞ்சு நகர்றதுக்குன்னு செஞ்ச கேம்லயே அது நல்லா வர்றது கஷ்டம், மீன் பிடிக்கிற கேம்ல அதை எவர் கேட்டார்?

ஆனா ஒண்ணு. கிராமம் வர்றதுக்கு முன்னாடியே இந்த கேம் ஒவ்வொரு நாளும் புதுசா ஒண்ணைத் திணிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. பச்சைத் தேநீர் ஊத்துறது, வசாபி அரைக்கிறது, ஆள் எடுக்கிறது, ஆயுதம் செய்யற டஃப் கிட்ட துப்பாக்கி மாத்துறது, ராத்திரி முங்குறது. அப்போ யாரும் முகம் சுளிக்கல, நானும்தான். அதனால 'புதுசு அதிகம்'ங்கிறது மட்டும் காரணமா இருக்க முடியாது.

ஜூன் 6

ரெண்டு நாளா இதே யோசனை. 'புதுசு அதிகம்'ங்கிறது மட்டும் காரணம் இல்லன்னா வேற என்னன்னு நானே பதில் சொல்லிடுறேன்.

முதல்ல வந்த புதுசு எல்லாம் ராத்திரிக் கடையைப் பெருசாக்குச்சு. கடை பெருசானா பகல்ல இன்னும் ஆழம் போகணும். ஆழம் போகணும்னா ஐடைவர் ஆப்ல ஆக்சிஜன் தொட்டியையும் டைவிங் உடையையும் மேம்படுத்தணும், அதுக்குக் கடையில சம்பாதிக்கணும். சுத்திச் சுத்தி ஒண்ணு இன்னொண்ணைப் பிடிச்சு இழுக்குது. தேநீர் ஊத்துறது சின்ன வேலைதான், ஆனா அது உட்கார்ந்திருக்கிறது அந்த வட்டத்துக்குள்ள.

அப்புறம் மீன் பண்ணை வருது. மீன் முட்டையைப் போட்டா தொட்டியில தானா பெருகுது. வயல்ல காய்கறி, நெல். வேலைக்கு எடுத்த ஆளை அனுப்பினா அவங்களும் பொருள் கொண்டுவர்றாங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா நல்ல யோசனை, சேர்த்துப் பார்த்தா என்ன நடந்துச்சு? குளிர்பெட்டி நிறைஞ்சுடுச்சு. ராத்திரிக் கடைக்குப் பகல் முங்கல் தேவைப்படல. ஆக்சிஜன் தீர்ந்து எல்லாத்தையும் தொலைச்சாலும் "பரவால்ல, பண்ணையில இருக்கு"ன்னு மேல வந்துடுறேன். அந்த 'ஒரே ஒரு பொருள்' திரையில யோசிக்கவே இல்ல, கைக்கு வந்ததை அமுக்கிட்டுப் போறேன்.

அதாவது கிராமம் வட்டத்தை நிறுத்தி வைக்குது, பண்ணை வட்டத்தையே அறுத்துடுது. நிறுத்தி வச்சதைத் திரும்ப ஓட்டலாம். அறுந்தது அறுந்ததுதான். நீங்க கிராமத்துமேல கோபப்படுறதுக்குக் காரணம், பண்ணை சத்தமே இல்லாம வேலையைக் காட்டிட்டுப் போனதுதான்னு எனக்குத் தோணுது. தொட்டியில நீந்துற மீனைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும், அவ்வளவு அழகா இருக்கு.

இதுக்கு ஒரு மாற்று மருந்தும் கேமுக்குள்ளயே இருக்கு: நாட்காட்டியில வர்ற விருந்து நாள். இன்ன தேதியில டூனா விருந்துன்னு முன்கூட்டியே சொல்லிடும். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் பகல் எல்லாம் டூனாவுக்காகத்தான். எந்த ஆயுதம் எடுத்துக்கணும், எவ்வளவு எடை தூக்க முடியும், உயிரோட பிடிச்சா மூணு நட்சத்திரம் கிடைக்குமே, அதுக்குத் தூக்க மருந்துத் துப்பாக்கி போதுமா... கணக்குப் போட ஆரம்பிச்சுட்டோம்னா பழைய கேம் திரும்பி வந்துடுச்சுன்னு அர்த்தம்.

ஜூன் 6, பத்து நிமிஷம் கழிச்சு

தேநீரைச் சரியா கோடு வரைக்கும் ஊத்திட்டு, கையை எடுக்க மறந்து வழிய விட்டு, அந்த வாடிக்கையாளர் பார்க்கிற பார்வை. பண்ணை வந்தாலும் அந்த பயம் மட்டும் போகல. இதுக்கு மட்டும் அந்த டிசைனருக்கு தனி விருது கொடுக்கலாம். (2024ல பாஃப்டாங்கிற பிரிட்டிஷ் விருது விழாவுல கேம் டிசைன் விருது இந்த கேமுக்குத்தான் கொடுத்தாங்க. தேநீருக்காகன்னு நான் எடுத்துக்கிட்டேன்.)

ஜூன் 9

"பகல் வேட்டை, இரவு கடை வேற எந்த கேம்லயும் இல்லையா, அங்கெல்லாம் எப்படிச் சமாளிச்சாங்க"ன்னு ஒரு கேள்வி. இருக்கு, இந்தக் கலவை டேவ் கண்டுபிடிச்சது இல்ல.

ரெசெட்டியர். ஜப்பான்ல 2007, இங்கிலீஷ்ல 2010. அப்பா கடன் வாங்கிட்டுக் காணாமப் போயிட்டார், பொண்ணு தலையில கடை. கடனை வாரா வாரம் கட்டணும். முதல் தவணை 10,000 பிக்ஸ் (அந்த ஊர்க் காசு), அப்புறம் 30,000, 80,000, 2,00,000, கடைசி வாரம் 5,00,000. ஒரு நாளுக்கு நாலு வேளை. கடை திறந்தா ஒரு வேளை போகும், குகைக்குள்ள போனா ரெண்டு வேளை போகும். இவ்வளவுதான் விதி. ஆனா இந்த விதி உங்களை ஒரு நாள்கூட சும்மா உட்கார விடாது. குகையில நல்ல பொருள் கிடைக்கும், விக்க நேரம் இருக்காது. கடையில கூட்டம் இருக்கும், விக்கப் பொருள் இருக்காது. கட்ட முடியலன்னா திரும்ப முதல்லேர்ந்து, ஆனா சேர்த்த பொருளும் ஏறின லெவலும் கையில இருக்கும். ஓவியமும் இசையும் பழசாத் தெரியலாம். பேசிங்ல இதை அடிச்சுக்க இன்னொண்ணு நான் பார்க்கல.

மூன்லைட்டர், 2018. இதுல பிரச்சனை டேவுக்கு நேர் எதிர். கலவை அருமை. பைக்குள்ள பொருளை அடுக்குறதே ஒரு புதிர், சில பொருள்ல சாபம் ஒட்டியிருக்கும், பக்கத்துல இருக்கிறதை உடைச்சுடும். விலை வச்சா வாங்குறவர் தலைக்கு மேல வர்ற முகத்தைப் பார்த்து விலையைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனா முதல் குகையில கத்துக்கிட்டதையே ரெண்டாவது, மூணாவது, நாலாவது குகையிலயும் செய்யணும். எதிரியோட தோல் மாறும், நீங்க செய்யற வேலை மாறாது. இதைத்தான் நான் 'இழுக்குது'ன்னு சொல்வேன். கேள்வி கேட்டவர் இதை விளையாடிட்டு வந்து டேவைத் திரும்பப் பார்க்கட்டும், வித்தியாசம் கையிலயே தெரியும்.

ஜூன் 10

"கடன், தவணை, தேதின்னு கழுத்தைப் பிடிச்சா அது எப்படி இனிமையான கேம் ஆகும்? நாங்க ஓய்வுக்குத்தான் வர்றோம்." நியாயமான பேச்சு. எனக்கும் எல்லா ராத்திரியும் கடன்காரன் முகத்தைப் பார்க்க ஆசை இல்ல.

ஆனா நேரம்ங்கிறது எப்பவும் கழுத்தைப் பிடிக்கணும்னு இல்ல. ட்ரெட்ஜ் விளையாடிப் பாருங்க, 2023 மார்ச்ல வந்தது, நியூசிலாந்துக்காரங்க செஞ்சது. அதுவும் மீன் பிடிக்கிற கேம்தான், கூடவே பேய் பயம். அதுல படகை நகர்த்தினாலோ தூண்டில் போட்டாலோதான் கடிகாரம் ஓடும். சும்மா நின்னா நேரமும் நிக்கும். வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம், ஆனா கரையை விட்டுக் கிளம்பிட்டா சாயங்காலம் நெருங்குறது வயித்துல தெரியும். ஓய்வும் இருக்கு, பயமும் இருக்கு. யார் கழுத்தையும் யாரும் பிடிக்கல.

விவசாயம் பண்ற கேமான ஸ்டார்டியூ வேலி வேற மாதிரி. கேம்ல பத்து நிமிஷம்னா நமக்கு ஏழு விநாடி சொச்சம், ஒரு நாள் கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். "இன்னும் ஒரே ஒரு நாள்"னு சொல்லி விடியற வரைக்கும் உட்கார வைக்கிறது அந்த அளவுதான். நாள் இன்னும் நீளமா இருந்திருந்தா நாம ஒழுங்கா தூங்கப் போயிருப்போம்.

கல்ட் ஆஃப் த லேம் பத்தியும் கேட்டிருந்தீங்க, ஒரு ஆட்டுக்குட்டி தனக்குன்னு சீடர் கூட்டம் சேர்க்கிற கேம். நீங்க காட்டுல சண்டை போட்டுக்கிட்டிருக்கும்போது ஊர்ல நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், சீடர்களுக்குப் பசிக்கும். உள்ள இன்னும் ஒரு அறை போகலாமா, திரும்பிப் போய் சமைக்கலாமான்னு இழுபறி. ரெண்டு பாதியையும் பசியாலேயே தைச்சிருக்காங்க. ஆனா பின்னாடி அங்கயும் வேலையெல்லாம் தானா நடக்க ஆரம்பிச்சதும் அதே தையல் விட்டுப்போகுது. தானியங்கி வேலைன்னா இந்த வகை கேம் எல்லாத்துக்குமே ஆசை, அதாலதான் எல்லாத்துக்கும் கேடு.

ஜூன் 15

ஒரு வேலை செஞ்சேன். டேவைப் புது சேவ்ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், ஆரம்பம் ஏன் நல்லா இருந்துச்சுன்னு பார்க்க.

பார்த்தா, ஆரம்பத்துலயும் இடையூறு நிறைய. கதையில வர்ற கோப்ரா கூப்பிடுவார், டாக்டர் பேக்கன் வருவார், காட்சி ஓடும். ஆனா அந்த இடையூறு எல்லாம் படகுல நடக்குது, அதாவது ரெண்டு முங்கலுக்கு நடுவுல. முங்கினதுக்கு அப்புறம் கடல் உங்களோடது. பின்பாதியில அந்த ஒழுங்கு போயிடுது. தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டிருக்கும்போதே காட்சி, அழைப்பு, புதிர், சின்னக் கதவு. மூச்சு எண்ணிக்கிட்டு இருக்கிற நேரத்துல ஒருத்தர் வந்து கதை சொன்னா எப்படிக் கேட்கிறது?

இன்னொண்ணு, பாஞ்சோ கத்தியைத் தூக்குற காட்சி, டஃப் துப்பாக்கி செய்யற காட்சி. இதெல்லாம் வேகத்தைக் கெடுக்கும்னுதான் நினைப்போம், ஆனா கெடுக்கல. அரை நிமிஷம் அதிரடியா ஓடி சட்டுன்னு முடிஞ்சுடும், அதுவும் நாம ஒரு வேலையை முடிச்ச பிறகு வரும். கூலி மாதிரி. வேலைக்கு நடுவுல வந்தா அதே காட்சி தொல்லை.

அந்த போன் திரையை மட்டும் ஆரம்பத்துல இருக்கிறபடி ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டு, பின்னாடி அதே திரையை ஒப்பிட்டுப் பாருங்க. முதல்ல காலி இடம், அப்புறம் சிவப்புப் புள்ளி. குக்ஸ்டா ஆப்ல கடைக்கு ஆள் சேர்ந்திருக்காங்க, மரின்கா ஆப்ல புது மீன் அட்டை, வயல்ல ஏதோ விளைஞ்சிருக்கு. கேள்வி கேட்டவர் "ஆபீஸ் மெயில்"னு சொன்னது மிகையே இல்ல.

ஜூன் 16

மேல ஒருத்தர்: "நான் முன்கூட்டிய அணுகல்லயே விளையாடினேன், எனக்கு இழுக்கவே இல்லையே." இருக்கலாம். கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல 2022 அக்டோபர்ல இன்னும் செஞ்சு முடிக்காத கேமா வந்துச்சு, முழுசா வந்தது 2023 ஜூன் 28. நீங்க நடுவுல மாசக்கணக்கா விட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க. விட்டு விட்டுச் சாப்பிட்டவங்களுக்கு வயிறு நோகாது. ஒரே மூச்சுல முடிக்கிறவங்களுக்குத்தான் இந்தப் புலம்பல் எல்லாம்.

ஜூன் 22

இன்ஸ்கிரிப்ஷன்ங்கிற கேமை யாராவது இந்தப் பேச்சுக்குள்ள இழுப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன், இழுத்துட்டாங்க. விளையாடாதவங்க இந்தக் குறிப்பைத் தாண்டிடுங்க.

2021ல வந்தது. இருட்டுக் குடிசை, மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கண்ணு, சீட்டாட்டம். அந்த முதல் பகுதி முடிஞ்சதும் கேம் தோலை உரிச்சுட்டு முழுசா வேற ஒண்ணா மாறிடுது, அப்புறம் இன்னொரு தடவை. டேவ் பழசு மேல புதுசை அடுக்குது, இது பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசை வைக்குது. துணிச்சல்தான், சந்தேகமே இல்ல. ஆனா ஆளுங்க என்ன கேட்டாங்க? குடிசையைத் திருப்பிக் கொடுன்னாங்க. 2022 மார்ச்ல கேசீஸ் மாட் வந்துச்சு: முதல் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஆடிக்கிட்டே இருக்கலாம், இலவசம்.

டேவுக்கும் அப்படி ஒண்ணு வந்தா நான் வரிசையில முதல் ஆளா நிப்பேன். பண்ணை கிடையாது, வயல் கிடையாது. காலை, மத்தியானம், ராத்திரி. பிடிச்ச மீன்தான் விக்கலாம். இதுவரைக்கும் வந்த கூடுதல் சரக்குல, 2023 டிசம்பர்ல ட்ரெட்ஜ் கூட ஒரு கலப்பு, 2024 மேயில காட்ஜில்லா. வேடிக்கையா இருந்துச்சு, ஆனா அதுவும் மேல மேல அடுக்குற வேலைதான். மாடியில அறை கட்டினா தரைத்தளத்துல இருக்கிற விரிசல் அடையாது.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "சரி, பேசினது போதும், எனக்கு வழி சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கார். நான் செஞ்சதைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கோங்க.

மீன் பண்ணைக்கு கேம் கூட்டிட்டுப் போய் காட்டுற வரைக்கும் போங்க, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க. ராத்திரி மெனுவுல அன்னிக்குப் பகல்ல பிடிச்சதை மட்டும் போடுங்க. கூட்டம் குறையும், காசு குறையும், குறையட்டும். காசு குறைஞ்சாத்தான் ஐடைவர்ல எதை முதல்ல மேம்படுத்துறதுன்னு யோசிப்பீங்க. சுமை தாங்குற அளவா, ஆக்சிஜனா? நான் எப்பவும் ஆக்சிஜன். என் நண்பர் ஒருத்தர் சுமைக்குத்தான் போவார், அதனாலேயே பாதி நாள் ஒரே ஒரு மீனோட மேல வருவார்.

கிராமத்து வேலைகளைத் துண்டு துண்டா செய்யாம ஒரே மூச்சுல முடிச்சுடுங்க. நடுவுல கடைக்கு வந்து போனா ரெண்டுமே கெடும். அதைத் தாண்டினா பனிப் பகுதி வரும். அங்க மறுபடி குளிர், ஆழம், தெரியாத மீன். கேமுக்குத் திடீர்னு பழைய ஞாபகம் வந்த மாதிரி ஒழுங்கா நடந்துக்கும். நிறைய பேர் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விட்டுட்டுப் போறாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

கிளைக்கடை திறக்கச் சொல்வாங்க. வேண்டாம்னு சொல்ல முடியாது. திறந்துட்டு மறந்துடுங்க.

ஜூலை 5

கேள்வி கேட்டவர் பண்ணையைத் தொடாம விளையாடுறாராம், ரெண்டு ராத்திரியா மெனுவுல மூணே ஐட்டம்தானாம், வாடிக்கையாளர் பாதி பேர் எழுந்து போயிட்டாங்களாம், ஆனா நல்லா இருக்காம். இப்போ கடல் குதிரைப் பந்தயத்துல மாட்டிக்கிட்டு அதுக்கும் வழி கேக்கிறார். அதுக்கு என்கிட்ட வழி இல்லைங்க. தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க, எனக்கும் வேணும்.